முன்சக்கரத்தின் அம்புக்குறி

பிறர் பேச்சில் பிழை கண்டால் "ஒரு திருத்தம்" என்று விரலை உயர்த்துவது அவருடைய வழக்கம். லாரி நிறுத்தத்தில் இருந்தவர்கள் அதனாலேயே அவருக்குத் திருத்தம் என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். வண்டி சூடாகிவிட்டது என்று யாராவது சொன்னால், சூடானது வண்டி அல்ல, எஞ்சின் என்பார். அவருடைய மனைவி, கோபம் தணிந்துவிட்டது என்பதைத் தெரிவிக்க, ஏதாவது ஒரு சொல்லை வேண்டுமென்றே தவறாகச் சொல்லிவிட்டு அவர் விரல் உயர்வதற்காகக் காத்திருப்பாள்.

தன் சரக்கு வண்டியையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். மற்றவர்கள் டயரைக் காலால் உதைத்துக் காற்றுப் பார்த்தபோது அவர் காற்றழுத்த மானியை வைத்துப் பார்த்தார். வாரத்துக்கு ஒருநாள் உதிரிச் சக்கரத்துக்கும் அந்த மரியாதை உண்டு. ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்பேனரின் பிடியை நீட்டிக்கொள்ள ஓர் இரும்புக் குழாய், சக்கரத்துக்கு அண்டக்கொடுக்க இரண்டு மரக்கட்டைகள் எல்லாம் இருக்கைக்கு அடியில் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் கிடந்தன. பதினொரு ஆண்டுகளில் அவர் வண்டி வழியில் நின்றது இரண்டே முறை. இரண்டு முறையும் அரை மணி நேரத்துக்குள் கிளம்பிவிட்டார்.

அக்கா அவரைக் கூப்பிட்டதற்கும் அதுதான் காரணம். அத்தான் இறந்தபின் அவள் தானாக முடிவெடுத்துத் தொடங்கிய முதல் காரியம் ஒரு கோழிக் கொட்டகை. முதல் தொகுதியாக ஆறாயிரம் குஞ்சுகள், பெட்டிக்கு நூறு வீதம் அறுபது பெட்டிகள், பொரித்து ஒரு நாள்கூட ஆகாதவை.

"வேற வண்டியில ஏத்த மாட்டேன் தம்பி. நீதான் ஆணியைக்கூட எண்ணி வைக்கிறவன்" என்று சொல்லியிருந்தாள்.

பொரிப்பகத்தில் ஏற்றிவிட்டவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நாலு பக்கமும் வலைதான் இருக்கு, ஃபேன் கிடையாது. வண்டி ஓடுற காத்துலதான் இதுங்க உசுரு. டீ குடிக்கக்கூட நிறுத்தாதீங்க. சத்தம் போட்டா கவலைப்படாதீங்க. சத்தம் நின்னாத்தான் பார்க்கணும்."

திருத்தம் அதைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

காலை பத்து மணிக்கு, மரம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லாத நீண்ட சாலையில், இடது முன்சக்கரம் வெடித்தது. அவர் பதறவில்லை. பிரேக்கை அழுத்தாமல், வேகம் தானாகக் குறையும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்து, ஓரங்கட்டினார். கைப்பிரேக், பின்சக்கரத்துக்குக் கட்டைகள், நாற்பது அடி பின்னால் சிவப்பு முக்கோணம். டயர் நார்நாராகக் கிழிந்திருந்தது; அப்படியே உருட்டிக்கொண்டு போவது நடக்காத காரியம். ஜாக்கி ஏற்றுவதற்கு முன், சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும் என்பதால் முதலில் ஸ்பேனரை எடுத்தார். பின்னால் ஆறாயிரம் குஞ்சுகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் அவருக்கு ஆறுதலாகவே இருந்தது.

நட்டு அசையவில்லை. குழாயை மாட்டித் தொங்கினார். அப்போதும் அசையவில்லை.

எதிரே வந்த தண்ணீர் லாரி ஒன்று திரும்பி வந்து அவருக்கு முன்னால் நின்றது. இறங்கியவருக்கு வயிறு முதலில் வந்தது, ஆள் பின்னால் வந்தார்.

"என்ன அண்ணே, குடும்பத்தோட கச்சேரியா?" என்றார், பெட்டிகளைக் காட்டி.

"நட்டு பிடிச்சிருக்கு. கொஞ்சம் குழாய்ல ஏறி நிக்க முடியுமா?"

"நிக்கத்தானே இந்த உடம்பை வளர்த்திருக்கேன்."

அவர் குழாயில் ஏறப்போய், சற்றுத் தயங்கினார். "அண்ணே, இறுக்குற பக்கமால்ல ஸ்பேனர் போட்டிருக்கீங்க?"

"ஒரு திருத்தம்" என்றார் திருத்தம். "எல்லா நட்டும் ஒண்ணு இல்லை. இந்த வண்டிக்கு இடப்பக்கச் சக்கரம் இடமரை. கடிகார முள்ளு சுத்துற பக்கமாச் சுத்தினாத்தான் கழலும். சந்தேகம்னா அங்க பாருங்க."

சக்கரத்தின் வட்டில், நட்டுகளை ஒட்டி, வெள்ளைச் சாயத்தில் வளைந்த அம்பு ஒன்று தெளிவாகத் தீட்டப்பட்டிருந்தது. அதுவும் கடிகார முள்ளின் திசையையே காட்டியது.

அந்த அம்பு ஒரு மாதத்துக்கு முன் வந்தது. அவர் முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்திருந்தபோது, இந்தச் சக்கரத்தைப் போல்ட்டுகளோடு தாங்கும் ஹப்பை மாற்ற வேண்டி வந்தது. பட்டறை வைத்திருக்கும் மைத்துனன்தான் மாற்றினான். படுக்கையிலிருந்தே அவர், "மரை பார்த்துக் குறி போட்டுரு" என்று சொல்லி அனுப்பினார். வேலை முடிந்ததும், "குறி போட்டியா?" என்று கேட்டார். "போட்டாச்சு மாமா" என்றான். முதுகு நிமிர்ந்த அன்று போய்ப் பார்த்தார், அம்பு இருந்தது, திசையும் சரியாக இருந்தது. மைத்துனன் செய்த வேலையில் அவர் குறை காணாதது அதுவே முதல் தடவை.

தண்ணீர் லாரிக்காரர் குழாயில் ஏறி ஒரு குதி குதித்தார். நட்டு கிறீச்சிட்டுக் கால் சுற்றுச் சுற்றியது.

"கொடுத்துருச்சு" என்றார்.

இன்னொரு குதி. நட்டு தளர்ந்து, உள்ளே இருந்த போல்ட்டின் துண்டோடு சேர்ந்து மண்ணில் விழுந்தது.

"துரு" என்றார் திருத்தம்.

இரண்டாவது நட்டும் அதேபோல் கிறீச்சிட்டது, அதேபோல் போல்ட்டை முறித்துக்கொண்டு விழுந்தது. ஒரு மாதத்துக்கு முன் மாட்டிய போல்ட்டுகள் அடுத்தடுத்து இரண்டு துருப்பிடிப்பதற்கு வழியில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது நட்டில் ஒரு குதி முடிந்திருந்த நிலையில் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மைத்துனனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மாப்ளே, முன்சக்கரத்துல அம்பு போட்டிருக்கியே, அது எதுக்கு?"

"எந்தப் பக்கம் சுத்தணும்னு தெரியறதுக்கு. நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"எதுக்கு எந்தப் பக்கம்?"

"இறுக்கறதுக்குத்தான்."

திருத்தம் மண்ணில் கிடந்த இரண்டு நட்டுகளையும் பார்த்தார்.

"மாமா? அந்த ஹப்பு வேற வண்டியோடது. வலமரை. அதனாலதானே அம்பே போட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

"நான் கழட்டறதுக்குன்னு நெனச்சேன்."

"கழட்டறதுக்கு யாராவது அம்பு போடுவாங்களா? நட்டுங்கறதே இறுக்கறதுக்குத்தானே மாமா."

"நான் உன்கிட்ட கேட்டேன். குறி போட்டியான்னு கேட்டேன்."

"நானும் போட்டாச்சுன்னு சொன்னேனே."

இருவர் சொன்னதிலும் பிழை இல்லை. அவர் குனிந்து, உடையாமல் மிச்சமிருந்த ஒரு போல்ட்டின் நுனியைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். நட்டுக்கு வெளியே அரை விரற்கடை நீட்டிக்கொண்டிருந்த மரை, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை யாருடைய உதவியும் இல்லாமல் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அது அங்கேதான் இருந்தது.

"கிளம்பி வா" என்றார். "பெரிய ஸ்பேனரும் போல்ட்டு ரெண்டும் எடுத்துக்கோ. குஞ்சு ஏத்தியிருக்கேன்."

"ஐயோ, பெரிய அக்காவோடதா?" என்றான் மைத்துனன். அதன்பின் குரல் தணிந்து, "பறந்து வந்தாக்கூட ரெண்டு மணி நேரம் ஆகும் மாமா" என்றான்.

சரியான திசையில் முயன்று பார்த்தார்கள். ஏற்கெனவே முறுக்கிவிட்ட மூன்றாவது நட்டு, தண்ணீர் லாரிக்காரரின் முழு எடைக்கும் மசியாமல், ஸ்பேனரின் வாயை விரித்துவிட்டது. அதன்பின் அந்த ஸ்பேனர் எந்த நட்டையும் கவ்வவில்லை. சுற்றிச் சுற்றி வழுக்கியது.

"மரை கழண்டவன்னு என்னைத் திட்டாத ஆளில்லை" என்றார் தண்ணீர் லாரிக்காரர், நெற்றியைத் துடைத்தபடி. "மரை கழண்டாத்தான் நல்லதுன்னு இன்னைக்குத்தான் தோணுது."

திருத்தம் பொரிப்பகத்துக்குப் பேசினார். அவர்களுடைய மற்றொரு வண்டி வேறு திக்கில் போயிருந்தது. சாலையில் போன இரண்டு லாரிகளைக் கைகாட்டி நிறுத்தினார். இரண்டிலும் தார்ப்பாய் வரை சுமை. ஓட்டியவர்கள் வருத்தப்பட்டார்கள். வருத்தம் மட்டும் அவருக்குக் குறைவில்லாமல் கிடைத்தது.

"என் வண்டியில பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி இருக்கு அண்ணே. பீய்ச்சி விடட்டுமா?"

"நனைஞ்சா உடம்பு விறைச்சுரும். இறகுகூட முளைக்காத பிறவிங்க."

"அவ்வளவு தண்ணியும் வெச்சுக்கிட்டு நான் சும்மா நிக்கணுமா?"

"நானும் அப்படித்தான் நிக்கிறேன்."

பெட்டிகளை இறக்கினார்கள். வண்டிக்கு அடியில் இருபது நுழைந்தன. வண்டியின் நிழலில் இருபது. தண்ணீர் லாரியின் நிழலில் இருபது. இறக்கும்போது ஒரு பெட்டியின் துளைக்குள் அவர் பார்த்தார். மஞ்சள் பஞ்சுருண்டைகள் சிறகுகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்து, வாயைத் திறந்தபடி நின்றன. சத்தம் பாதியாகிவிட்டிருந்தது.

தொலைபேசி ஒலித்தது.

"எங்க தம்பி வந்துட்டே? கொட்டகை கதகதன்னு இருக்கு. உள்ள நின்னா எனக்கே வேர்க்குது."

"பக்கத்துல வந்துட்டேன் அக்கா."

பக்கம் என்ற சொல்லுக்கு நாற்பது கிலோமீட்டர் என்று அவர் அதுவரை யாருக்கும் பொருள் சொன்னதில்லை.

"குஞ்செல்லாம் என்ன பண்ணுதுங்க?"

"கத்துதுங்க."

"கத்தட்டும், கத்தட்டும். நம்ம வீட்டுல சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் லாரிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்ததை மறைத்தார், மறுபடியும் பார்த்தார். திருத்தமே சொன்னார்:

"நீங்க கிளம்புங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போற தண்ணி அண்ணே. ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. இல்லைன்னா..."

"தெரியுது. கிளம்புங்க."

அவர் போகுமுன் பெட்டிகளைச் சுற்றி மண்ணெல்லாம் நனையும்படி தண்ணீரைத் திறந்துவிட்டார். அவரால் கொடுக்க முடிந்தது அது. பிறகு லாரி கிளம்பியது; அதன் நிழலும் கூடவே கிளம்பியது. இருபது பெட்டிகள் வெயிலில் நின்றன. பத்து நிமிடத்தில் மண் காய்ந்தது.

திருத்தம் தார்ப்பாயை எடுத்தார். அதன் ஒரு விளிம்பை வண்டியின் கொக்கிகளில் கட்டினார். மறு விளிம்பைக் கட்ட எதுவும் இல்லை. கம்பு இல்லை, மரம் இல்லை, வேலி இல்லை. தரையில் விட்டால் காற்று அடைபடும். ஆகவே இரண்டு முனைகளையும் இரண்டு கைகளால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது பெட்டிகளுக்கும் நிழல் விழுந்தது. விசிறுவதற்கு அட்டை ஒன்று எடுத்து வைத்திருந்தார். அது காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்தால் நிழல் போய்விடும்.

சூரியன் உச்சிக்கு ஏறியது. வண்டியின் நிழலில் வைத்திருந்த பெட்டிகளை வெயில் ஓர் ஓரத்திலிருந்து எட்டத் தொடங்கியது. அவற்றை உள்ளே தள்ள வேண்டும். தள்ளுவதற்குக் கை வேண்டும். காலை நீட்டி ஒரு பெட்டியை நகர்த்தினார், அடுத்தது எட்டவில்லை.

சட்டைப் பையில் தொலைபேசி ஒலித்தது. முழுமையாக ஒலித்து நின்றது. மறுபடியும் ஒலித்தது. பெட்டிகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்ததால், மூன்றாவது தடவை அது முன்னைவிட உரக்கக் கேட்டது. அவர் கைகளை இறக்கவில்லை.

மைத்துனன் வந்தபோது மணி பன்னிரண்டரை. வண்டியை நிறுத்தியவன், மாமா நின்ற கோலத்தைப் பார்த்து ஓடி வந்தான்.

"கையை விடுங்க மாமா, நான் பிடிக்கிறேன்."

"நீ சக்கரத்தைப் பாரு."

அவன் பார்த்தான். தன் நீண்ட ஸ்பேனரை மாட்டி எதிர்த்திசையில் ஒருமுறை சாய்ந்தான், நட்டு கழன்றது. மிச்சமிருந்த நான்கையும் கழற்றி, ஜாக்கி ஏற்றி, உதிரிச் சக்கரத்தை மாட்ட இருபது நிமிடம் ஆனது. "உடைஞ்ச துண்டைப் பட்டறையிலதான் எடுக்கணும். நாலு நட்டுல மெதுவாப் போலாம்" என்றான். புதுச் சக்கரத்தின் வட்டில் அம்பு இல்லை. கிளம்பும் முன் குறி போடும் சாயக்கட்டி ஒன்றை எடுத்தவன், தயங்கி, அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அதைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டான். பெட்டிகளை இருவருமாக ஏற்றினார்கள். திருத்தத்தின் கைகள் தோளுக்கு மேல் எழவில்லை. மேலடுக்கை மைத்துனன் ஏற்றினான்.

கொட்டகை வாசலில் அக்கா தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு நின்றாள். தொலைபேசியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை. உள்ளே விளக்குகளின் கீழ் புது மரத்தூள் பரப்பியிருந்தது. தண்ணீர்க் கிண்ணங்கள் கோடு போட்டதுபோல் வரிசையில் இருந்தன.

சாலையில் வண்டிக்கு அடியில் வைத்திருந்த பெட்டிகளை முதலில் இறக்கினார்கள். திறந்ததும் குஞ்சுகள் தட்டுத்தடுமாறி வெளியேறின. சில நேராகத் தண்ணீருக்குப் போயின. அக்கா கைதட்டினாள். வண்டியின் நிழலில் இருந்த பெட்டிகளின் குஞ்சுகளில் பாதி நடந்தன, பாதி நடக்கவில்லை. அவள் கைதட்டுவதை நிறுத்தினாள்.

தார்ப்பாய்க்கு அடியில் இருந்தவற்றில் முதல் பெட்டியை அவளே திறந்தாள். மஞ்சள் நிறம் கலையாமல், ஒன்றன்மேல் ஒன்றாய், கழுத்தை நீட்டிக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். அதன் தலை அவள் விரலுக்கு வெளியே தொங்கியது. மற்றொரு கையால் அதை நிமிர்த்தி வைத்தாள்.

"வந்த களைப்புல தூங்குதுங்க, இல்லையா தம்பி?" என்றாள்.

மைத்துனன் மாமாவைப் பார்த்தான். திருத்தம் அடுத்த பெட்டியைத் தூக்கக் குனிந்தார். அவர் திருத்தவில்லை.