தூளியை ஆட்டுவது யார்

தூளி தானாக ஆடுகிறது என்று முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டுப் பவளம்மா. அரவிந்தன் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். பிள்ளை அயர்ந்து தூங்குகிறது, ஆட்ட ஆளில்லை, தூளி மட்டும் போய்ப் போய் வருகிறது. சேதி திருப்புலிவனத்தைச் சுற்றிவிட்டுத் திருமுக்கூடலில் இருந்த ஆதிலட்சுமியின் காதுக்கும் எட்டியது. அரவிந்தனின் செத்துப்போன மனைவி சசிரேகாவின் அக்கா அவள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள்.

"செத்தவ பொடவையில தூளி கட்னா, அவ வந்து ஆட்டாம இன்னா பண்ணுவா? படிச்சவன்தானே நீ?"

"வேற எதுலயும் தூங்கலக்கா."

"அதான் சொல்றேன். விட்டா புள்ளைய அவ கூட்டிக்கினு பூடுவா. சாயங்காலம் நான் தூக்கிக்கினு போறேன். என் வூட்டுப் புள்ளைங்களோட இதுவும் வளரட்டும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு தம்பி."

அவனுக்கு வார்த்தை வரவில்லை. சசிரேகா பிரசவத்தில் போனதிலிருந்தே அப்படித்தான். குழந்தையை அவன் தூக்குவதே அபூர்வம். கொண்டுபோகட்டுமே என்றுதான் தோன்றியது. ஆனால் தூளி ஆடுவதை அவனும் பார்த்திருந்தான். யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவளாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று உள்ளூர ஓர் ஆசை. குழந்தை போனால் அதுவும் போய்விடும்.

அந்த ஏப்ரலில் பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. இருபது ஒளியாண்டு தூரத்தில், வானத்துக் கணக்கில் பக்கத்துத் தெரு, ஒரு மங்கலான சிவப்பு நட்சத்திரம். அதைச் சுற்றிப் பூமியைவிடச் சில மடங்கே கனமான ஒரு சின்னக் கோள். கோளை யாரும் கண்ணால் காணவில்லை. நட்சத்திரம் லேசாக முன்னும் பின்னும் அசைந்தது, அவ்வளவுதான். அந்த அசைவுக்கு வேறு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார்கள். கழிக்க முடியாமல் மிஞ்சியதுதான் கோள். வகுப்பில் அதை நடத்தியபோதுகூட அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது எழுந்தான். ஃபேனை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். ஸ்டூல் போட்டு ஏறி, உத்திரத்தில் அணில் ஓடுகிறதா என்று பார்த்தான்.

"இன்னாடி பண்றாரு?" என்றாள் ஆதிலட்சுமி.

"பேய்க்குப் பரிச்ச வெக்கிறாரு," என்றாள், வேடிக்கை பார்க்க வந்திருந்த பவளம்மா.

காற்று இல்லை. ரோட்டில் வண்டி எதுவும் போகவில்லை. தூளி ஆடிற்று. ஒரே சீராக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தள்ளுவதைப் போல.

வெளியே எல்லாவற்றையும் கழித்தாயிற்று. மிஞ்சியது உள்ளேதான். புடவை மடிப்பை விலக்கினான்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் அசைவில்லை. துணிக்குள் புதைந்திருந்த வலது பாதம் மட்டும் குதிகாலை ஊன்றி, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. சசிரேகா அப்படித்தான் தூங்குவாள். கட்டில் கிறீச்சிடும். காலை ஆட்டாதே என்று பாதித் தூக்கத்தில் அவன் அதட்டுவான். எப்படி மறந்துபோயிற்று?

யாரும் வந்து ஆட்டவில்லை.

பின்னால் எட்டிப் பார்த்த ஆதிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, அவ காலுடா! ஒரே பாயில படுத்து எத்தினி ஒத வாங்கிகீறேன்." பாதத்தைப் பிடித்தாள். நின்றது. விட்டாள். மறுபடி ஆடத் தொடங்கியது.

"கொழந்ததான் ஆட்டுதுக்கா."

"கொழந்தைய எவ ஆட்டுறா?"

அவன் மறுபடி அந்தப் பாதத்தைப் பார்த்தான்.

"அவ குடுக்கமாட்டா தம்பி," என்றாள் ஆதிலட்சுமி, குரல் இறங்கி. "எனக்கு வேணாம்பா."

"இங்கியே இருக்கட்டும்," என்றான். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

குனிந்து குழந்தையைத் தூக்கினான். நினைத்ததைவிடக் கனம். வெறுந்தூளி வீசி ஆடியது. வெறுந்தூளி ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்று பவளம்மா பாய்ந்து பிடிக்கப் போனாள்.

"வுடுங்க," என்றான். "அதுவா நிக்கட்டும்."

மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது நிற்க வெகுநேரம் பிடித்தது.