மண்டையோட்டுக்குக் காது பார்த்த கதை

சின்னவளுக்குக் கடற்கரையில் மண் சலிக்கிற வேலை. அவளுடைய அக்கா புருஷன் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையில் அவள் தொல்லியல்காரி. உழவு வருவதற்கு முன்னால், வேட்டையாடியும் மீன் பிடித்தும் கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் எதைத் தின்றார்கள், அதை எப்படிப் பிடித்தார்கள் என்று அவர்கள் கொட்டிவிட்டுப் போன குப்பையைக் கிளறிக் கண்டுபிடிப்பவள். அத்தானோ காது டாக்டர். "நான் உசுரோட இருக்கிறவங்க அழுக்கை எடுக்கிறேன், நீ செத்தவங்க அழுக்கை எடுக்கிற. தொழில் ஒண்ணுதான்" என்பார்.

அந்த வருஷம் தோண்டிய மேட்டில் ஒரு சிக்கல். சல்லடையில் நின்றதெல்லாம் ஆழத்துப் பாறையில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியும், பாறை இடுக்கை விட்டு வெளியே தலைகாட்டாத மீன்களின் எலும்பும்தான். ஆனால் தூண்டில் முள் மருந்துக்குக்கூட இல்லை. வலையை அமிழ்த்தக் கட்டும் கல்லும் இல்லை. புயல் கரையில் ஒதுக்கியதைப் பொறுக்கியிருப்பார்கள் என்றார் குழுத் தலைவர். அவளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. தினமும் பசிக்கிற வயிறு புயல் வரட்டும் என்று உட்கார்ந்திருக்குமா?

அங்கேயே புதைக்கப்பட்டிருந்தவர்களின் மண்டையோடுகளைத் துடைக்கும்போது, சிலவற்றின் காதுத் துளைக்குள் கடுகு கடுகாக எலும்பு புடைத்திருந்தது. ஏதோ நோய் என்று எண்ணி மூடி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் வழக்கம்போல் நோயாளி புராணத்தை அவிழ்த்தார். குளிர்ந்த கடலில் வருஷக்கணக்காக முக்குளிக்கிற ஒருவர் வந்தாராம். குளிர்ந்த தண்ணீர் ஓயாமல் பட்டுப் பட்டு, காதுக்குள் எலும்பு வளர்ந்து வழியையே அடைத்துவிட்டதாம்.

அவள் கை பாதியில் நின்றது. "அத்தான், என்கிட்டயும் ஒருத்தங்க இருக்காங்க. நீங்க பாக்கணும்."

"கூட்டிட்டு வா."

"அவங்களால வர முடியாது. செத்து நாலாயிரம் வருஷம் ஆச்சு."

சாப்பிட்ட கையோடு படுக்கப் போன மனுஷனை அக்காதான் சட்டையை மாட்டிக் கிளப்பினாள்.

ஆய்வுக்கூடத்தில் மண்டையோட்டைக் கண்டதும் அத்தான் கேலியை மூட்டை கட்டிவிட்டார். காதில் வைக்கும் விளக்கைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அதேதான்," என்றார். "கரையில நின்னு பொறுக்குறவங்களுக்கு இது வராது. தலை முங்கணும், பல வருஷம் முங்கணும்."

அடுத்ததில் இடது காது ஏறக்குறைய அடைத்தே போயிருந்தது. "இவரை நாலு தடவை கூப்பிட்டாத்தான் திரும்பியிருப்பாரு."

"அவரு இல்ல அத்தான், அவங்க. இடுப்பெலும்பு சொல்லுது."

மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோரம் நின்ற அக்கா கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். "புருஷன் கத்தினது ஒண்ணும் காதுல விழுந்திருக்காது. கொடுத்து வெச்சவ."

சாயங்காலத்துக்குள் எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்த்தார்கள். ஆண், பெண் இருபாலாரிலும் அந்தப் புடைப்பு இருந்தது. குடும்பம் குடும்பமாகக் கடலுக்குள் குதித்து, கையாலேயே சிப்பியைப் பெயர்த்து, இடுக்கு மீனைக் குத்தி எடுத்திருக்கிறார்கள். தூண்டில் கிடைக்காததில் அதிசயம் என்ன? சின்னவளுக்கு அந்தப் பெண்ணைக் கரையேறி, தலையைச் சாய்த்துத் தண்ணீரை உதறுகிறவளாக அப்போதுதான் பார்க்க முடிந்தது. சந்தோஷத்தில் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தலைவர் முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார். "என் புயல் ஓஞ்சுபோச்சு" என்றவர், கட்டுரையில் டாக்டரின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அதற்கப்புறம் அத்தானைப் பிடிக்க முடியவில்லை. சளி என்று வந்தவர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்பினார்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எத்தனை முறை முங்கியிருப்பார்கள் என்பது அடுத்த கேள்வியாக வந்தது. அதையும் செய்துதான் பார்ப்போமே என்று சின்னவள் முக்குளிக்கப் பழகினாள். துணைக்கு வந்த அக்காவும் சும்மா நிற்காமல் இறங்கினாள். முதல் நாள் சின்னவள் ஒரு வாய் உப்புத் தண்ணீரோடு மேலே வந்தாள். அக்கா இரண்டு கை நிறையச் சிப்பியோடு வந்தாள்.