என்னிடம் மட்டும்தான்

...தண்டனை பெற்றுப் பத்தொன்பது வருடம் போய்விட்டது, அந்தப் பழைய பதிவை நீதிபதி மூட இன்னும் இருபது நிமிடம்தானே, ஆனால் அவள் ஏன் வந்திருக்கிறாள், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசுத் தரப்பு ஒரு கடிதம் போடும், யாரும் வரமாட்டார்கள் என்றுதானே வக்கீல் சொன்னார்... நீதிமன்றத்தின் பின்வரிசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் நிறுத்திப் பிடித்தபடி ஜூடித் ஓர்ம்ஸ்பி. முழுக்க நரைத்துவிட்டது, தாடை மட்டும் அப்படியே அவள் அம்மா ஹில்டாவுடையது. திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கார்லீன் மறுபடி திரும்பினாள். ஜூடித் எழுந்து எதிர்ப்புச் சொன்னால் முடிந்தது, ஒஹையோ சட்டம் அவளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், அப்புறம் மறுபடி அக்கா வீட்டு நிலவறையில் படுக்கை, மறுபடி சலவைக்கூட வேலை, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தச் சின்னக் கட்டம், தண்டனை பெற்றதுண்டா, ஆம், ஆம், ஆம், அதற்குப் பிறகு யாரும் கூப்பிடுவதில்லை... போதைக்காக மாத்திரையைத் தொட்டுப் பதினேழு வருடமாகிறது, அதை எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை. என்ன சொல்லப் போகிறாள் ஜூடித்? என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், எலும்பில் புற்றுநோயோடு கிடந்தவளின் வலிமாத்திரைகளைத் தான் விழுங்கிவிட்டு, குப்பியில் தும்மல் மாத்திரைகளைப் போட்டு வைத்தாள் என்றா? நிஜம்தானே. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம்.

அரசுத் தரப்பில் ஆட்சேபம் இல்லை என்றார்கள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பின்வரிசையைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க, பாக்கத்தான் வந்தேன்" என்றாள் ஜூடித், உட்கார்ந்தபடியே. பிறகு எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. "மிஸ் கார்லீன் ஸ்டட்ஸ், உங்க தண்டனைப் பதிவை மூடி முத்திரை வைக்க உத்தரவு போட்டாச்சு. இனிமே வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ போற இடத்துல கேட்டா, பெரும்பாலும் இல்லைன்னே சொல்லலாம். நல்லா இருங்க." அவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம்... வக்கீல் கையைக் குலுக்கிவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடிவிட்டார். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், பசிதான் வந்தது, காலையிலிருந்து காப்பியைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

தாழ்வாரத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில், ஜூடித் நின்றிருந்தாள். சுற்றிப் போக வழியில்லை. "பயப்படாதே, சண்டை போட வரலே" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கடைசி மாசம் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வலிக்குதுன்னாங்க. இப்பதானே மாத்திரை போட்டே, நடிக்காதேன்னு நான் கத்துவேன். ஒருநாள் கதவைச் சாத்திட்டே போயிட்டேன்... உன்கிட்டயும் சொன்னாங்களா? வலிக்குதுன்னு?" மத்தியானம், சன்னலோரம், வானொலியில் பேஸ்பால் வர்ணனை, அதன் சத்தத்துக்குக் கீழே ஹில்டாவின் குரல், கார்லீன், கண்ணு, ஏன் அடங்கவே மாட்டேங்குது, மணிக்கட்டைப் பிடித்த அந்த விரல்கள், எலும்பும் தோலுமாக, அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது, கார்லீன் தலையணையைச் சரிசெய்தாளே, சரியாயிடும் சரியாயிடும் என்றாளே, அப்போது கார்லீனின் உடம்பில் ஓடிக்கொண்டிருந்த மாத்திரையின் வெதுவெதுப்பு யாருடையது... நாள் தவறாமல் சொன்னாள். நாளுக்கு நாலு தரம்.

"இல்லை" என்றாள் கார்லீன். "சொல்லவே இல்லை."

ஜூடித் மெல்லத் தலையாட்டினாள். ஏதோ ஒரு கணக்குச் சரியாக வந்துவிட்டது போல. "அப்போ என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காங்க, நான் கதவைச் சாத்திட்டேன்" என்றாள். மின்தூக்கி திறந்தது, உள்ளே போனாள், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாதவள் மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள், கதவு மூடிக்கொண்டது. இரண்டே மாடி, படியில் ஓடினால் பிடித்துவிடலாம், இல்லை, என்கிட்டயும் சொன்னாங்க, உங்களைவிட என்கிட்டதான் அதிகம் சொன்னாங்க என்று... யாருக்காகச் சொன்னேன் அந்த வார்த்தையை, அம்மாவுக்கு அவ்வளவு வலி இல்லை என்று அவள் ஆறட்டும் என்றுதானே, அவளுக்காகத்தானா? கீழே வாசல் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது, கார்லீன் இன்னும் முதல் படியில்கூடக் கால் வைக்கவில்லை.