சப்-ஊஃபருக்கு மனையடி

இளஞ்செழியன் எந்த வேலையையும் கையால் தொடங்கியதில்லை. வாயால்தான் தொடங்குவார். திண்டுக்கல்லில் அவர் கட்டிக் கொடுத்த வீடுகளில் சில இன்னும் உறுதியாக நிற்கின்றன, சில ஒழுகுகின்றன. ஆனால் அஸ்திவாரம் தோண்டும்போது அவர் ஆற்றிய சொற்பொழிவை மட்டும் எந்த வீட்டுக்காரரும் மறக்கவில்லை. மறக்க முயன்றவர்கள் உண்டு.

ஆகவே, சப்-ஊஃபர் பெட்டி ஒன்றைத் தன் கையாலேயே செய்யப்போவதாக அவர் ஒருநாள் காலை அறிவித்தபோது, அவர் மனைவி சுகன்யா தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். தோசை தீய்ந்தாலும் பேச்சு முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"பேஸுங்கிறது காதால கேக்குறது இல்ல சுகன்யா. நெஞ்சால கேக்குறது."

"நெஞ்சு வலிக்குதுன்னு போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, அதுக்கு இது ஆகுமாங்க?"

"அது வாய்வு. இது விஞ்ஞானம்."

விஞ்ஞானம் இவ்வளவுதான். பாட்டின் அடிமட்டத்தில் கிடக்கும் தடித்த ஓசையை மட்டும் எடுத்துப் பாடும் பெரிய ஸ்பீக்கருக்குச் சப்-ஊஃபர் என்று பெயர். அதைச் சும்மா மேசைமேல் வைத்தால் பாடாது. அளந்து செய்த ஒரு மரப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் ஸ்பீக்கரைப் பிடித்து நிறுத்துகிறது. பெட்டி தேவைக்குமேல் பெரிதானால் பிடி தளர்ந்து, ஓசை கொழகொழத்துப் போகும். இதை யார் வேண்டுமானாலும் பத்து நிமிட வீடியோவில் தெரிந்துகொள்ளலாம். இளஞ்செழியனும் அப்படித்தான் தெரிந்துகொண்டார். ஆனால் பிறவியிலேயே தெரிந்தவர்போலப் பேசினார்.

உண்மையில் அவருடைய குறி பெட்டி அல்ல, மண்டபம்.

சுகன்யாவின் அண்ணன் கருப்புசாமிக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. தாராபுரம் சாலையில் இடம் வாங்கி, கல்யாண மண்டபம் கட்டப்போவதாக மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கூடை மண் இன்னும் எடுத்தபாடில்லை. தகுதியான பொறியாளரைத் தேடித்தான் மனிதர் இத்தனை நாள் தவிக்கிறார் என்பது இளஞ்செழியனின் முடிவு. அந்தத் தகுதி எங்கே இருக்கிறது என்பதை அவரே போய்ச் சொன்னால் நன்றாக இருக்காது. காட்ட வேண்டும். மச்சானோ கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கர் செட்டை வாங்கி வந்து, வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அதைத் தோற்கடிக்கும் ஒன்றைச் சொந்தக் கையால் செய்துவிட்டால், மண்டபம் தானாக மடியில் வந்து விழும். இதுதான் கணக்கு.

போன் போட்டார். "மச்சான், ஞாயித்துக்கெழம மதியம் சாப்பாட்டுக்கு இங்க வாங்க. நானே செஞ்ச சப்-ஊஃபர கேக்குறீங்க. அப்புறம் மண்டபத்தப் பத்திப் பேசுவோம்."

"ஏனுங்க மாப்ள, கடையில கெடைக்கறத நீங்க எதுக்குங்க செஞ்சுக்கிட்டு?"

"கடையில கெடைக்கிறது சரக்கு மச்சான். நான் செய்றது இன்ஜினியரிங்."

"சரிங்க, வாரனுங்க. மண்டபத்துக்கும் அன்னைக்கே ஒரு முடிவு பண்ணிப்போடலாம். எனக்கும் சலிச்சுப் போச்சுங்க."

சலிப்பு எதனால் என்று கேட்கும் பழக்கம் இளஞ்செழியனுக்கு இல்லை. மற்றவர் பேசும் நேரத்தில் அடுத்துத் தான் பேசவேண்டியதைத் தயார் செய்வது அவர் வழக்கம்.

வீடியோவில் பேசிய பையன் பெட்டியின் உள்ளளவைத் தெளிவாகச் சொன்னான். அகலம் பதினான்கு அங்குலம், உயரம் பதினெட்டு, ஆழம் பதினைந்து. "தயவுசெஞ்சு இத மாத்தாதீங்க ப்ரோ" என்று கையெடுத்தும் கும்பிட்டான். இருபது வருடமாக எம்.எல்.ஏ.க்கள்கூட 'சார்' போட்டுப் பேசும் தன்னை ஒரு பொடியன் 'ப்ரோ' என்றதில் இளஞ்செழியனுக்கு முதல் கசப்பு. ஆனாலும் வரைபடத்தாளை விரித்து, பென்சிலைச் சீவி, பதினான்கு என்று எழுதப் போனார்.

பென்சில் நின்றது.

இந்த இடத்தில் இளஞ்செழியனின் கொள்கையைச் சொல்லியாக வேண்டும். அவர் பகுத்தறிவுக் குடும்பம். அப்பா வைத்த பெயரே அதற்குச் சாட்சி. தாலி, ஐயர், நல்ல நேரம் எதுவும் இல்லாமல் மேடை போட்டு, மைக் வைத்துத் திருமணம் செய்துகொண்டவர். வாஸ்துவுக்கு எதிராக அவர் பேசாத சங்கம் திண்டுக்கல்லில் கிடையாது. 'ஏன்யா, தென்கிழக்கு மூலைக்கு உன் வீட்டு அடுப்பு எங்க இருக்குன்னு தெரியுமாய்யா?' என்று அவர் கேட்கும்போது கூட்டம் கைதட்டும். கைதட்டியவர்களே மறுநாள் வீடு கட்டித்தரச் சொல்லி வருவார்கள். அடுப்பைத் தென்கிழக்கில்தான் வைக்க வேண்டும் என்பார்கள். இளஞ்செழியனும் வைப்பார். அறைக்கு உள்ளளவு மனையடி சாஸ்திரப்படி எத்தனை அடி இருக்க வேண்டுமோ அத்தனை அடியில் சுவர் எழுப்புவார். கேட்டால், "கஸ்டமர் விருப்பம்" என்பார். இருபது வருடம் கஸ்டமர் விருப்பத்தை வரைந்து வரைந்து, எந்த எண்ணுக்கு என்ன பலன் என்பது அவர் விரல் நுனியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பதினான்கு: நஷ்டம். பதினெட்டு: உள்ளதும் போகும். பதினைந்து: எடுத்த காரியம் தடைபடும்.

ஒரே பெட்டியில் மூன்றும்! எதிரிக்குக்கூட யாரும் இப்படி அளவு கொடுக்க மாட்டார்கள். இளஞ்செழியனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது உண்மைதான். நம்பிக்கை இல்லாதவர் எந்த அளவையும் வைக்கலாமே! நல்ல அளவையே வைத்தால் என்ன குறைந்துவிடும்? மேலும் அது அடிக்குச் சொன்ன பலன், இது அங்குலம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தம் இல்லாத ஒன்றை மாற்றுவதில் குற்றமும் இல்லை. இப்படி ஒரு தீர்க்கமான தர்க்கத்தோடு, அகலத்தைப் பதினாறு ஆக்கினார். செல்வம் சேரும். ஆழத்தைப் பதினேழு ஆக்கினார். அரசனைப்போல் வாழ்வு. உயரத்துக்கு இருபதா, இருபத்திரண்டா என்று செத்த நேரம் யோசித்தார். இருபது வெறும் இன்பம். இருபத்திரண்டு, பகைவர் அஞ்சுவர். மச்சானின் கோயம்புத்தூர் செட்டை மனதில் வைத்து இருபத்திரண்டு என்று எழுதினார். தாளின் ஓரத்தில், அளவு கூடக்குறைய இருந்தால் பொறியாளர்கள் சொல்லும் 'டாலரன்ஸ்' என்ற வார்த்தையையும் போட்டுவைத்தார்.

பெட்டி ஒன்றரை மடங்குக்கு மேல் வீங்கிவிட்டது.

பழனி ரோட்டில் பிளைவுட் கடை வைத்திருக்கும் பிராங்கிளின் அளவைப் பார்த்துவிட்டு, "சார், கோழிக் கூண்டா?" என்றார்.

"சப்-ஊஃபர்."

"இம்புட்டுப் பெருசா? பாடுறவரும் உள்ளயே தங்கிக்குவாரா சார்?"

விவரம் தெரியாதவர்களிடம் இளஞ்செழியன் சிரிப்பதில்லை. பலகை ஒட்ட பசை வேண்டுமா என்று பிராங்கிளின் கேட்டதற்கு, "மலையையே ஒட்ட வைக்கிறவன்யா நான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். சைட்டில் மிச்சப்பட்ட வால்புட்டி மூட்டை வீட்டில் கிடந்தது. சுவர் விரிசலை அடைக்கிற புட்டி மரப்பெட்டியின் விரிசலை அடைக்காதா?

கார் நிறுத்தும் இடத்தில் வேலை நடந்தது. ஸ்பீக்கருக்கு வட்டம் வெட்டுவதற்குள் பிளேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உயிரை விட்டன. கடைசியில் கிடைத்தது வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. பலாச்சுளை மாதிரி ஒரு பொத்தல். சுற்றி இருந்த இடைவெளியைப் புட்டி வைத்துப் பூசினார். ஸ்க்ரூ கோணலாக இறங்கிய இடத்திலும் புட்டி. பலகையும் பலகையும் சேராமல் முறைத்துக்கொண்டிருந்த மூலையிலும் புட்டி. பிறகு உள்சுவர் முழுக்க, புதுவீட்டு ஹாலுக்கு அடிப்பதைப்போல், இரண்டு கோட்டு. உள்ளே காற்று வழுக்கிக்கொண்டு ஓடுமாம்.

பெட்டிக்குக் காற்று போய்வர ஒரு குழாய் வைக்க வேண்டும். பாத்ரூம் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை அறுத்துச் செருகினார். அதன் வாய் கிழக்கே பார்த்து இருந்தது. கிழக்கே சோபா.

"நேரா உக்கார்றவுங்க மூஞ்சிக்கே வெச்சிருக்கீங்களே" என்றாள் சுகன்யா.

"அப்பத்தான் காத்தோட்டம் இருக்கும்."

"யாருக்குங்க? பொட்டிக்கா, எங்க அண்ணனுக்கா?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியுதுங்க. வாசப்படி கெழக்க பாத்திருக்கு. பால் காய்ச்சறது எப்பன்னு சொல்லுங்க, அக்கம்பக்கம் சொல்லணும்."

அவர் முகம் சிவந்ததைப் பார்த்து அவளே உள்ளே போய்விட்டாள். விளையாட்டுக்குச் சொன்னது இவ்வளவு சரியாகப் போய்த் தைக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

செய்து முடித்ததை ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே என்றும் அவள் கேட்டாள். "கட்டி முடிச்ச பாலத்த ஆட்டியா பாக்குறோம்?" என்றார் இளஞ்செழியன். தேக்கு நிறத்தில் மேல்தாள் ஒட்டி, ஹாலில் நிறுத்தியபோது, விருந்தாளிகள் துணிமணி வைக்கப் போட்ட குட்டி அலமாரி மாதிரி இருந்தது. அவருக்கு அது கம்பீரமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கருப்புசாமி ஒரு மூட்டை சின்ன வெங்காயமும் முருங்கைக்காயுமாக வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சாயம் பூசிய கறுகறு மீசை. சோபாவில் உட்கார்ந்து காபியை வாங்கிக்கொண்டார். இளஞ்செழியன் நின்றுகொண்டார். நின்றால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

காற்றின் அடர்த்தியில் தொடங்கி, திருவையாற்று நாதஸ்வரம் வழியாக, ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் கெட்டிமேளம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது வரை வந்தார். காபி ஆறியது. மச்சானின் தலை மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது.

"அண்ணா தூங்கறாருங்க. பொட்டியப் போடுங்க" என்றாள் சுகன்யா.

"கண்ண மூடிக்குங்க மச்சான்" என்றார் இளஞ்செழியன், ஏற்கெனவே மூடிய கண்ணைப் பார்த்து. பாட்டைப் போட்டார்.

'தொம்' என்று வரவேண்டிய இடத்தில் 'வொவ்வ்வ்' என்று வந்தது. காலித் தண்ணீர் டேங்கை மாடிப்படியில் உருட்டிவிட்ட ஓசை. பாடகர் அடுத்த அடிக்குப் போய்விட்ட பிறகும் பழைய அடியின் மேளம் பெட்டிக்குள் புரண்டுகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கருப்புசாமி திடுக்கிட்டு எழுந்தார்.

"லாரி ஏதாச்சும் மோதிருச்சுங்களா மாப்ள?"

"இல்ல மச்சான். கொஞ்சம் சூடேறணும். புது ஸ்பீக்கர்." சத்தத்தைக் கூட்டினார்.

சூடேறியது. வழுவழுவென்று இரண்டு கோட்டு அடித்திருந்த புட்டி உள்ளே பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடுத்த மேளத்துக்குக் கிழக்குப் பார்த்த குழாயிலிருந்து புஸ்ஸென்று ஒரு வெள்ளை மேகம் கிளம்பி நேரே சோபாவுக்குப் போனது. அதற்கடுத்த மேளத்துக்கு இன்னொன்று. இளஞ்செழியன் பாய்ந்து சுவிட்சை அணைப்பதற்குள் கருப்புசாமியின் மீசை அவருடைய வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஐயோ அண்ணா!" என்று துண்டோடு ஓடிவந்த சுகன்யா, பாதி வழியில் அந்தத் துண்டால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கருப்புசாமி இருமி முடித்தார். "பாட்டும் பாடி, பவுடரும் போட்டு உடுதுங்களா?" கோபம் இல்லை. எழுந்து வந்து பெட்டியைச் சுற்றினார். குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். பிறகு, "டேப்பு இருந்தாக் குடுங்க" என்றார்.

இளஞ்செழியனுக்கு உயிர் வந்தது. ஓசை போனால் போகட்டும், கட்டுமானத்தை மெச்சுகிறார்! ஓடிப்போய் டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கருப்புசாமி அகலத்தை அளந்தார். பலகையின் கனத்தை விரலால் பார்த்து மனதுக்குள் கழித்தார். "உள்ளளவு பதினாறு. செல்வம் சேரும்." ஆழம். "பதினேழு. ராசா மாதர வாழ்வு." உயரம். டேப்பை உதறிச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்தார். "இருவத்திரண்டு. பகையாளி பயப்படுவான். அந்தப் பகையாளி யாருங்க மாப்ள, நானுங்களா?"

"சேச்சே! அது வந்து... பலகை வேஸ்டாகாம..."

"மூணு வருசமா இந்த நம்பருங்களோடதானுங்க நான் குடும்பம் நடத்தறேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எங்க மாமனாரு ஒரு சாஸ்திரக்காரன கூட்டியாந்தாரு. பங்காளி இன்னொருத்தன கூட்டியாந்தான். மண்டபத்துச் சமையக்கட்டு நாலு மூலைக்கும் போயிட்டு வந்துருச்சுங்க, இன்னும் ஒரு செங்கல் வெக்கல. அதான், எவன் வந்தாலும் 'போடா வெளிய'ன்னு சொல்ற ஆளு ஒருத்தர் வேணும்னு பாத்தேன். மேடையில நீங்க பேசறதக் கேட்டிருக்கேன். எங்க மாப்ளதான் லாயக்குன்னு, இன்னைக்கு உங்க கையில குடுத்துட்டுப் போலாம்னுதானுங்க வந்தேன்."

'வந்தேன்' என்பதன் இறந்தகாலம் ஹாலில் புட்டித் தூசியோடு மிதந்தது.

"மச்சான், சத்தியமாச் சொல்றேன், எனக்கு இதுல துளிகூட நம்பிக்கை கெடையாது!"

"அதுதானுங்க எனக்கு பயமா இருக்குது. நம்பறவன் மண்டபத்துக்கு மனையடி பாப்பான். நீங்க நம்பாமயே பொட்டிக்குப் பாக்கறீங்க."

சுகன்யா இலை போட்டாள். கருப்புசாமி முகம் கழுவிக்கொண்டு வந்து, மட்டன் குழம்பு நன்றாக இருப்பதாகச் சொல்லி இரண்டாம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். மண்டபப் பேச்சை அவர் எடுக்கவில்லை. கிளம்பும்போது காரில் ஏறிக்கொண்டு தங்கையிடம் மட்டும், "தாராபுரத்துல ஒரு பையன் இருக்கறானாம். அதிகம் பேச மாட்டானாம்" என்றார்.

கார் தெருமுனை திரும்பியது. சுகன்யா உள்ளே வந்தபோது இளஞ்செழியன் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அந்தப் பலாச்சுளைப் பொத்தலுக்குள் தோள் வரை கையை விட்டு, டேப்பால் எதையோ அளந்துகொண்டிருந்தார்.

"இன்னும் என்னத்தங்க அளக்கறீங்க?"

அவர் கையை வெளியே எடுத்தார். முழங்கைவரை வெள்ளை. முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"ரெண்டு கோட்டு புட்டி அடிச்சேன்ல. அதுல உள்ளளவு கால் கால் இஞ்சு கொறஞ்சு போச்சு சுகன்யா. பதினாறும் இல்ல, பதினேழும் இல்ல. அதான் மண்டபம் கைய விட்டுப் போச்சு."

சுகன்யா விளக்குமாற்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தாள்.