சல்லடையில் நின்றது

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பட்டறையில் இரண்டும் ஒரே குடும்பத்துக்குள் வந்து உட்கார்ந்ததுதான் வினை.

உலோகப் பவுடரைத் தீயோடு சேர்த்து அசுர வேகத்தில் அடித்து, பம்பு தண்டுகளுக்குக் கெட்டியாகத் தோல் ஏற்றும் பட்டறை அது. அடிக்கிற துப்பாக்கியைப் பிடிப்பவர் பெரியவர். வருகிற பவுடரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுபவள் அவள். பெரியவரின் மகனுக்குத்தான் அவள் தன் மகளைக் கொடுத்திருந்தாள். அதனால் பட்டறை முழுக்க இருவரையுமே ‘சம்பந்தி’ என்றுதான் கூப்பிடும்.

திங்கட்கிழமை, ஏழு தண்டுகளில் ஏற்றிய தோல் மீன் செதில் மாதிரி உரிந்து வந்தது. என்ஜினியர் ஒரு துண்டை அறுத்துப் பார்த்தார். உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது.

“துப்பாக்கியைத் தள்ளிப் பிடிச்சிருக்கார். வயசாச்சு, கை நிக்கலை,” என்றார். வெள்ளிக்கிழமையோடு பெரியவர் துப்பாக்கியை விட்டுவிட்டுப் பெட்டி கட்டும் இடத்துக்குப் போகவேண்டும் என்று முடிவானது.

புதன்கிழமை அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் ஒரு குப்பி எடுத்து வைப்பது வழக்கம். திங்கட்கிழமை அடித்த டிரம்மின் குப்பியை எடுத்து நாற்பத்தைந்து மைக்ரான் சல்லடையில் கொட்டி ஆட்டினாள். சிட்டிகைதான் மேலே நிற்கவேண்டும். பாதிக்கு மேல் நின்றது.

அதே பெயர், அதே உலோகம், அதே சதவீதம். ஆனால் பருமன் வேறு. இது வேறு வகைத் துப்பாக்கிக்கான பருவெட்டுப் பவுடர்; இந்தத் தீயில் உருகாது. பவுடரோடு வந்த சான்றிதழே அதைச் சொல்லியிருந்தது, இரண்டாம் பக்கத்தில். ஒன்பது வருஷமாக ஒரே சரக்குதானே என்று முதல் பக்கத்து ரசாயனக் கணக்கை மட்டும் பார்த்து ‘விவரக்குறிப்புப்படி சரி’ என்று எழுதியவள் அவள்தான்.

உடனே சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை.

வியாழக்கிழமை மதியம் பெரியவர் பவுடர் அறைக்கு வந்தார். வலது கையை நீட்டி, புறங்கைமேல் ஒரு காகிதத்தை வைத்தார்.

“சம்பந்தி, பொய் சொல்லாம பாருங்க. ஆடுதா?”

காகிதத்தின் ஓரம் படபடத்தது.

“ஃபேன் காத்துங்க.”

“ஃபேன் ஓடலையே.”

அவள் மேலே பார்த்தாள். ஓடத்தான் இல்லை.

“முப்பது வருஷம் சோறு போட்ட கை. அதுவே கவுத்திருச்சு பாருங்க,” என்று சிரித்தார். “பெட்டி கட்டுறதுக்கு நடுங்கினாப் பரவாயில்லை. கட்டு கொஞ்சம் கோணலா இருக்கும், அவ்வளவுதான்.”

அன்று மாலை மகள் போன் செய்தாள்.

“அம்மா, மாமா தண்ணி டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிக்கிறார். அத்தை கேட்டா எந்திரிச்சுப் போயிடுறார். நீயாவது நாலு வார்த்தை ஆறுதலாச் சொல்லேன். நீ சொன்னாக் கேப்பார்.”

“சொல்றேன்.”

“என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லைடி. பவுடர் தூசி.”

வெள்ளிக்கிழமை காலை, என்ஜினியர் அறையில் பெரியவர் இடமாற்றத் தாளில் கையெழுத்துப் போடக் குனிந்தார். ஒரு கையால் பேனாவைப் பிடித்து, மறு கையால் அந்தக் கையைப் பிடித்திருந்தார். அவள் கதவைத் தட்டாமலே உள்ளே போய் மேஜைமேல் சல்லடையையும் சான்றிதழையும் வைத்தாள்.

“அவர் கையில கோளாறு இல்லை சார். பவுடர் தப்பு. ரெண்டாம் பக்கம் படிக்காமக் கையெழுத்துப் போட்டேன்.”

என்ஜினியர் பவுடரை விரலால் நிமிண்டினார். சான்றிதழைத் திருப்பினார். வெகுநேரம் படித்தார்.

“இதை எப்ப சலிச்சீங்க?”

இன்றைக்குத்தான் என்றால் முடிந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. பெரியவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் நன்றியாக. அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

“புதன்கிழமை.”

பெரியவர் பேனாவை மூடினார். மெதுவாகத்தான் மூடினார்.

“அப்ப நேத்து நான் காகிதத்தை வெச்சுக் காட்டினப்ப...”

“தெரியும்.”

“ஃபேன் காத்துன்னீங்களே.”

என்ஜினியர் தொண்டையைக் கனைத்து, எதையோ தேடுவதுபோல இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டார்.

பெரியவர் எழுந்தார். தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார், யாருக்கோ இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிய சாமானைப் பார்ப்பதுபோல. வாசல் வரை போய் நின்றார். திரும்பவில்லை.

“சரியான பவுடர் வந்தாச் சொல்லி அனுப்புங்க, மேடம்,” என்றார்.