ஒன்பது பொய் அலாரங்கள்

வவுச்சர் இல்லாமல் காலணா நகரக் கூடாது என்பது ஜம்புநாதனின் வேதவாக்கு. புணே ராணுவக் கணக்கு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் பில்லில் ஓட்டை தேடிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு பால்காரனைக்கூடச் சீட்டு இல்லாமல் விட்டதில்லை. அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்து நாலு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வீட்டுக் காவல் கம்பெனியிலிருந்து பில் வந்தது. அவருடைய கடைசி மூன்று மாதத்தில் ஒன்பது பொய் அலாரம், தடவைக்கு நூற்றைம்பது ரூபாய்.

அவர் மனைவி தர்மாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது தடவையும் அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரம். அலாரம் அடித்து, கம்பெனி ஆள் தன்னிடமுள்ள மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து வந்து போயிருந்தால், அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பாரா? பால்கனியில் பூனை வந்ததைக்கூடச் சொல்கிற மனிதர். செத்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறார் என்று எழுதிவிட்டார்கள், வேறென்ன! 'உங்கள் காவலாளி வரவேயில்லை, பில்லே போலி, வவுச்சரைக் காட்டுங்கள்' என்று கடிதம் போட்டாள். அவர் இருந்தால் மெச்சியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை கசார்வாடியில், ஒரு லேத் பட்டறையின் மாடியிலிருந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். மேலாளர் வைஷாலிக்கு முப்பது வயதுகூட இருக்காது. சுவரோரம் சீருடை இல்லாமல் ஒருவன் நின்றான். காவலாளி அந்தோணி, ஏரவாடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரன். அவள் கடிதத்தால் பத்து நாளாக அவனுக்கு வேலை இல்லை.

வைஷாலி ஹிந்தியில் நேராக விஷயத்துக்கு வந்தாள். "நிஜமான ஆபத்துன்னா நாங்க காசு வாங்கறதில்லை மேடம். சும்மா அடிச்சாத்தான் கட்டணம். இவன் வரலைன்னு நீங்க உறுதியாச் சொன்னா பில் ரத்து. இவனையும் இன்னிக்கே அனுப்பிடறேன். பொய் ரிப்போர்ட் எழுதறவனை நான் ஒரு நிமிஷம் வெச்சுக்க மாட்டேன்."

காவலாளி வந்து போனதற்கு எழுதிய ஒன்பது சீட்டையும் மேஜையில் பரப்பினாள். தர்மாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். கையெழுத்து அவருடையதுதான், கீழே இரண்டு புள்ளியோடு. காரணம், பொய் அலாரம். முதல் சீட்டில் வந்த நேரம் பத்து நாற்பது, போன நேரம் பதினொன்று ஐம்பது. அழுத்திய பொத்தான், குளியலறை. ஒன்பதிலும் குளியலறை.

போன வருஷம் அந்தப் பொத்தானை வைக்கும்போது, "பாத்ரூமுக்குள்ள எந்தத் திருடன் வரப்போறான், சோப்பை எடுத்துண்டு போகவா?" என்று அவள் கேலி செய்தாள். அவரும் சிரித்தார். அதற்கு முந்தின வாரம்தான் அவர் வழுக்கி விழுந்திருந்தார். "இன்னொரு தரம் விழுந்தேள்னா நான் வேலையை விட்டுட்டு ஆத்தோட உக்காந்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள். அவளுக்குப் பென்ஷன் வர இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது.

அவள் சுவரோரம் நின்றவன் பக்கம் திரும்பினாள். தமிழில் கேட்டாள். "அந்தோணி, அவர் விழுந்தாரா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லக் கூடாதுன்னு ஐயா சத்தியம் வாங்கிட்டாரும்மா."

"ஒன்பது தரமுமா?"

"ஆமாம்மா. வலது கால் திடீர்னு மடங்கிரும். தூக்கி உக்கார வெச்சு, துணி மாத்திவிடுவேன். விழுந்தாருன்னு சீட்டுல எழுதப் போனேன். வேணாம், அது என்னிக்காவது அவ கண்ணுல படும், பொய் அலாரம்னே போடு, காசு நான் கட்டிக்கறேன்னுட்டாரு."

"அதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலயா?"

"தரையைக் கழுவித் துடைச்சிட்டுத்தாம்மா போவேன். நீங்க மூணு மணிக்கு வருவீங்க, ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாதும்பாரு. நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாரு."

ரிட்டையர் ஆனதும் மனுஷனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது, குளியலறையைப் பளிச்சென்று வைத்திருக்கிறார் என்று ஆசிரியர் அறையில் பெருமை அடித்துக்கொண்டவள் அவள். அவமானமாக இருந்தது. அவர்மேல் கோபமாகவும் வந்தது.

"என்ன மேடம் சொல்றான்?" என்றாள் வைஷாலி.

உண்மையைச் சொன்னால் பில் ரத்தாகும். ஆனால் பொய் எழுதியவன் என்று அந்தோணியின் வேலையும் போகும். தர்மாம்பாள் தன் கடிதத்தை வாங்கி அதன் கீழே எழுதினாள். 'ஒன்பதும் பொய் அலாரம்தான். என் கணவர் கைதவறி அழுத்தியது. காவலாளி ஒவ்வொரு தடவையும் வந்தார். புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.' பர்ஸிலிருந்து ஆயிரத்து முந்நூற்றைம்பதை எடுத்து வைத்தாள். தெரிந்தே அவள் போட்ட முதல் தப்புக் கணக்கு அதுதான்.

ரசீதை வாங்கிக்கொண்டு இறங்கும்போது அந்தோணி பின்னாலேயே வந்தான். பாதிப் படியில் அவள் நின்றாள்.

"ரொம்ப வலிச்சுதா அவருக்கு? அழுதாரா?"

"இல்லம்மா. எழுந்து உக்காந்ததும் முதல் வேலையா சீட்டை வாங்கி, நேரத்தைச் சரியாப் போட்டிருக்கேனான்னு பாப்பாரு. அப்புறந்தான் கையெழுத்து."

ஆறு வாரமாக வராத அழுகை அப்போது வந்தது. கீழே பட்டறைக்காரர்கள் பார்க்க, தர்மாம்பாள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.