ஜும்ஆவுக்குப் போகும் கார்

பச்சைப் பட்டில் பொதிந்த குர்ஆனை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு அபுல் ஹஸன் மரைக்கார் படலையைத் தாண்டி வந்தார். வீட்டில் மையித்து விழுந்தால் வருவார், நிக்காஹ் என்றால் வருவார். இன்று வோட்டுக்கு வந்திருந்தார்.

"றவூப், நீ நேத்துப் பள்ளியில சத்தியம் பண்ணிட்டாய். பொம்புளயளுக்கும் வோட்டு இரிக்கித்தானே? ஒன்ட பொண்டாட்டியும் இதில கைய வெச்சி, போடியார்ர குடைச் சின்னத்துக்குத்தான் போடுவன் எண்டு சொல்லட்டும்."

கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று றவூபின் மனைவி றாஹிலா கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளியில் ஒவ்வொரு குடிவழிக்கும் ஒரு மரைக்கார். அவர் தலையை ஆட்டினால்தான் லெப்பை நிக்காஹ் எழுத வருவார். மகள் சுல்பிகாவுக்கு நோன்பு பிறக்குமுன், வருகிற ஞாயிற்றுக்கிழமை கலியாணம். பந்தல்கூடப் போட்டாகிவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளத் தெரிந்த மனிதர் மரைக்கார்.

"ஜெமீல் மாஸ்டருக்குப் போட்டா ஈமானே போயிரும் கா. அவன் தொழாதவனுகளோட கூட்டம் போடுறான். இது அல்லாட வோட்டு."

அல்லாஹ் எந்தக் காலத்தில் வோட்டுக் கேட்டான் என்று றாஹிலாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். ஒப்புக்குச் சத்தியம் பண்ணிவிட்டு உள்ளே போய் வேறு சின்னத்துக்குக் கீறுகிறவர்கள் ஊரில் உண்டு. அவளால் அது ஆகாது. கை வைத்தால் வைத்ததுதான். அந்த இறையச்சத்தை நம்பித்தான் மரைக்காரும் வந்திருந்தார்.

ஆனால் அந்த வோட்டை அவள் எப்போதோ நேர்ந்து வைத்துவிட்டாள். இரண்டு மார்கழிக்கு முன்னால் மூத்தவள் றுகையா பிள்ளை வலியில் துடித்தாள். தெருவெல்லாம் வெள்ளம். ஊரில் கார் வைத்திருந்தவர், இப்போது குடைச் சின்னத்தில் நிற்கும் பெரிய வயற்காரர் சீனிமுகம்மதுப் போடியார் ஒருவர்தான். றவூப் அவர் வாசலில் நின்று அழுதான். "ரெத்தம் பட்டா ஸீற்றெல்லாம் நஜீஸாப் போயிரும். நான் ஜும்ஆவுக்குப் போற கார் இது," என்றார் போடியார். பெற்றெடுக்கும் ரத்தம் அவருக்கு அசுத்தம். ஜெமீல் மாஸ்டர்தான் இடுப்பளவு தண்ணீரில் மாட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். கல்முனை ஆஸ்பத்திரியைச் சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊருக்கு ஒரு பிள்ளைப்பேற்று விடுதி வேண்டும் என்று மாஸ்டர் அலையத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

"என்ன கா யோசின? கைய வெய்யி."

"வெய்க்காட்டி, மரைக்கார்?"

"வெய்க்காட்டி ஞாயித்துக்கிழம லெப்பைக்கி வேற எங்கயும் வேல வந்திரும்."

உள்ளே சுல்பிகா விம்மினாள். றவூப் குத்தகைக்கு வேளாண்மை செய்வது போடியாரின் வயலில். அவன் கெஞ்சினான். "வெச்சிரன் றாஹிலா. ரெண்டு சொல்லுத்தானே."

சீலையை விலக்கி அவள் கையை நீட்டினாள். பட்டைத் தொடப்போன விரல்கள் நின்றன. நஜீஸ். இரண்டு வருடமாக நெஞ்சில் முள்ளாய்க் கிடந்த சொல் அது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தொழுகை இல்ல, மரைக்கார்."

மாதவிலக்கு நாளில் பெண்ணுக்குத் தொழுகையும் இல்லை, குர்ஆனைத் தொடவும் கூடாது. மரைக்கார் நெருப்பை மிதித்தவர்போலப் பின்னால் போனார். எப்போது குளித்துச் சுத்தமாவாய் என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார். எந்த ஆண்பிள்ளை அதைக் கேட்பான்? வோட்டோ நாளை மறுநாள். லெப்பையை நிறுத்துவதானால் இந்தக் காரணத்தையல்லவா பள்ளி முற்றத்தில் சொல்லவேண்டும்!

அன்று காலை அவள் சுபஹு தொழுது பாயைச் சுருட்டியதை றவூப் பார்த்திருந்தான். பார்த்தவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யா அல்லாஹ், பொய் சொன்னவள் நான். அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் கிதாபை வோட்டுக்குத் தூக்கித் திரிந்ததற்கு அவர் பதில் சொல்லட்டும்.

வேலிக்கு அப்பால் காதைக் கொடுத்துக்கொண்டு நின்ற சபியா உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மரைக்கார் அங்கே போனபோது அவளுடைய மகளுக்கும் தொழுகை இல்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. எதிர் வீட்டிலும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கே கலியாணம் பேசிக்கொண்டிருந்த சபியா உம்மாகூட, "எனக்கும்தான் வாப்பா," என்று சீலைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். மரைக்காரின் முகம் சிவந்தது. பொய் என்று சொல்லவும் முடியவில்லை, மெய் என்று நம்பவும் முடியவில்லை.

வோட்டு நாளன்று தெருமுனையில் போடியாரின் கார் வந்து நின்றது. பெண்களுக்காகக் கண்ணாடிகளில் வெள்ளைச் சீலை கட்டியிருந்தார்கள். முன் ஸீற்றில் போடியார் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். மரைக்கார் பின் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க கா. வெயிலுக்க ஏன் நடக்கிற?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு றாஹிலா காரண்டை வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள்.

"வேணாம் போடியார். எங்களுக்கு இன்னமும் தொழுகை இல்ல," என்றாள். "ஸீற்றெல்லாம் நஜீஸாப் போயிரும். நீங்க ஜும்ஆவுக்குப் போற கார்."

போடியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். யாருடைய உம்மா என்று அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அவள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். சபியா உம்மாவும் மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். மரைக்கார் திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றார்.